சுண்ணாம்பு போட்டும் காஸ் ஏன் வரவில்லை?



சென்ற மாதம் ஞாயிறு மாலைப் பேச்சில் நேரம் போதாமையால் பாதியில் நிறுத்திய விடயம் ஒன்றை இங்கே முழுமையாகத் தருகிறேன். ரிச்சர்ட்சனில் வசிக்கும் சகோதரி ஒருவர் நிகழ்ச்சியின்போது தொலைபேசியில் வந்து கேட்ட கேள்வி இது:

“அண்ணை, எங்கட தம்பி சேலம் பக்கம் ஒரு சவ்வரிசி ஆலையில வேலை செய்யிறான். அங்க காஸ் தொட்டி புளிச்சுப் போச்சாம். சுண்ணாம்பு மூட்டை மூட்டையாப் போட்டும் காஸ் வரேல்லையாம். முதலாளி ஆலையைப் பூட்டப்போறன் எண்டு நிக்கிறாராம். ஏன் அப்பிடி நடக்குது எண்டு ஒருக்காச் சொல்லுவியளோ?”

எங்களில் பலருக்கு இப்படி ஓர் உறவு அங்கே உண்டு. சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் எமது மக்களின் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அவற்றின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று தமிழ்நாடு அரசு மாற்றியது. பெயர் எதுவானாலும், அங்குள்ள பல குடும்பங்களுக்கு அன்றாடக் கூலிதான் அடுப்பெரிக்கிறது. ஓர் ஆலை பூட்டினால் அந்த வீடுகளில் அடுத்த வாரமே தெரியும்.

நான் வர்த்தகம் படித்தவன். உயர்தரத்தில் இரசாயனம் எடுத்தவன் அல்லன். ஆனால் இந்தக் கேள்வியைத் துருவிப் பார்த்தபோது இது அடிப்படையில் ஒரு கணக்குக் கேள்வி என்று விளங்கியது. தொட்டிக்குள் ஒரு கடன் இருக்கிறது, ஒரு கையிருப்பு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்ப்பதால்தான் பெரும்பாலான தொட்டிகள் புளிக்கின்றன.

சவ்வரிசியும் அதன் கழிவுநீரும்

நாங்கள் பாயாசத்துக்கு வாங்கும் சவ்வரிசி மலாயா, இந்தோனேசியப் பக்கங்களில் சேகோப் பனை மரத்தின் தண்டிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் கப்பல் வரத்து நின்றபோது, மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து அதைச் செய்யும் தொழில் சேலத்தில் 1943 அளவில் தொடங்கியது. மாணிக்கம் செட்டியார் என்ற வணிகரும், பினாங்கில் அனுபவம் பெற்ற போபட்லால் ஷா என்பவரும் அதைத் தொடக்கியவர்களாகச் சொல்லப்படுகிறார்கள். 1981இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். மாவெடுத்தபின் மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர்.

கிழங்கைக் கழுவ, அரைக்க, மாவைப் பிரிக்க எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். மாவு அடியில் படியும்வரை பாலை மணிக்கணக்காகத் தொட்டியில் விடுவார்கள். அந்த நேரத்திலேயே மேலே நிற்கும் தண்ணீர் புளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே வெளியே வரும் கழிவுநீர் தொடக்கத்திலிருந்தே அமிலமானது, அதன் பி.எச். பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும். வீட்டுக் கழிவுநீரில் ஒரு லீற்றருக்குச் சில நூறு மில்லிகிராம் ஒட்சிசன் தேவைப்படும் சேதனப் பொருள் இருந்தால், இதில் சில ஆயிரம் மில்லிகிராம் இருக்கும். மரவள்ளியில் இயல்பாகவே உள்ள சயனைட்டும் கொஞ்சம் கலந்திருக்கும். இது அப்படியே ஓடினால் ஆறும் கெடும், கிணறும் கெடும். ஆத்தூர்ப் பக்கம் வசிட்ட நதி, சேலம் நாமக்கல் பக்கம் திருமணிமுத்தாறு ஆகியவற்றின் கரையில் உள்ள விவசாயிகளின் நெடுநாள் முறைப்பாடு இதுவே.

காற்றுப் புகாத தொட்டியில் இந்த நீரைச் செரிக்க விட்டால் இரட்டை நன்மை. நீரும் தெளியும், எரிவாயுவும் கிடைக்கும். நீரிலுள்ள ஒரு கிலோ ஒட்சிசன் தேவையை இப்படி அழித்தால் ஏறக்குறைய 350 லீற்றர் மெதேன் வரவேண்டும். இது ஊகம் அல்ல, இரசாயனச் சமன்பாடு தரும் கணக்கு.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆலை நாளொன்றுக்கு 100 கன மீற்றர் கழிவுநீர் விடுகிறது, லீற்றருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 கிலோ. அதில் 80 வீதம் செரித்தால் 400 கிலோ. அதற்கு 140 கன மீற்றர் மெதேன். வெப்பத்தில் அது ஏறக்குறைய 140 லீற்றர் டீசலுக்குச் சமம். சவ்வரிசி மணியை வறுக்கும் அடுப்புக்கு இது சின்ன உதவி அல்ல. தொட்டி புளித்தால் இந்த வருமானம் நின்றுபோகும். தெளியாத நீரை எங்கே விடுவது என்ற தலையிடியும் கூடவே வரும்.

தொட்டிக்குள் இரண்டு கூட்டம்

இந்தத் தொட்டியை ஓர் இயந்திரமாக எண்ணக்கூடாது. அதில் வேலை செய்வது உயிர்கள். சுருக்கமாகச் சொன்னால் இரண்டு கூட்டம்.

முதற் கூட்டம் மாப்பொருளையும் சீனியையும் உடைத்து அமிலமாக்கும் பற்றீரியாக்கள். அசற்றிக்கமிலம், அதாவது வினாகிரியில் உள்ள அமிலம், புரொப்பியோனிக்கமிலம், பழுதான நெய் மணக்கும் பியூற்றிரிக்கமிலம் ஆகியவை இவற்றின் உற்பத்தி. இந்தக் கூட்டம் முரடு. சாப்பாடு கிடைத்தால் சில மணித்தியாலங்களில் இரட்டிக்கும். புளிப்புக்கும் அஞ்சாது.

இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தை உண்டு மெதேன் வாயு விடும் நுண்ணுயிர்கள். நகரக் கழிவுத் தொட்டிகளில் மெதேனில் ஏறக்குறைய 70 வீதம் அசற்றிக்கமிலத்திலிருந்து வருகிறது என்பது பொதுவான கணக்கு. மீதி ஐதரசனும் காபனீரொட்சைட்டும் சேர்ந்து வருவது. இந்தக் கூட்டம் மென்மையானது. இரட்டிக்க நாட்கணக்கில் எடுக்கும். பி.எச். 6.6க்கும் 7.6க்கும் இடையில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 6.2க்குக் கீழே போனால் ஏறத்தாழப் படுத்துவிடும்.

இவற்றுக்கு நடுவே தரகர் போல இன்னொரு கூட்டமும் உண்டு. புரொப்பியோனிக், பியூற்றிரிக் அமிலங்களை அசற்றிக்கமிலமாக மாற்றுவது அவற்றின் வேலை. அந்த வேலையில் ஐதரசன் வெளியாகும். ஐதரசனை யாராவது உடனுக்குடன் எடுத்துச் செலவழித்தால்தான் அவற்றால் தொடர்ந்து வேலை செய்ய முடியும். 1967இல் பிறையன்ட் என்ற அமெரிக்க அறிஞரும் கூட்டாளிகளும் ஒரு விநோதத்தைக் காட்டினார்கள். அதுவரை தனியொரு நுண்ணுயிர் என்று எண்ணியிருந்த ஒன்று, உண்மையில் ஒன்றையொன்று நம்பி வாழும் இரண்டு உயிர்கள். ஒன்று ஐதரசனை விடும், மற்றது அதை உண்ணும். பிரித்தால் முதலாவது முடங்கும். ஆகவே மெதேன் கூட்டம் களைத்தால் ஐதரசன் தேங்கும். ஐதரசன் தேங்கினால் புரொப்பியோனிக்கமிலம் தேங்கும். புளித்த தொட்டியில் கடைசிவரை மிஞ்சி நிற்பதும் அதுதான்.

இதிலிருந்து முதற் பாடம் தெளிவாகிறது. அமிலம் இந்தத் தொட்டியின் எதிரி அல்ல. அமிலம் உண்டாகாவிட்டால் காஸும் இல்லை. கடைக்காரர் சரக்கைக் கடனுக்கு எடுத்து விற்று அடைப்பதைப் போல, அமிலம் உண்டாகும் வேகத்தில் அது தீர்ந்துகொண்டும் இருக்கவேண்டும். உண்டாக்குவோர் முயல், தீர்ப்போர் ஆமை. ஒரே நாளில் தீனியை இரட்டிப்பாக்கினால் முயல் அன்றைக்கே ஈடுகொடுக்கும். ஆமைக்கு வாரங்கள் வேண்டும். இடைப்பட்ட நாட்களில் தேங்குவதுதான் புளிப்பு.

கையிருப்பு எங்கிருந்து வருகிறது?

எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் அமிலம் தேங்கத்தான் செய்யும். அதைத் தாங்கிக்கொள்ள நீரில் ஒரு கையிருப்பு இருக்கிறது. அதற்குப் பெயர் காரத்தன்மை. பெரும்பகுதி இருகாபனேற்று, அதாவது எங்கள் வீட்டு அப்பச்சோடாவில் உள்ள அதே பொருள். தேங்கிய அமிலத்தை அது சமன் செய்து, தான் காபனீரொட்சைட்டாக மாறிப் போய்விடும். லீற்றருக்கு 2,500 முதல் 5,000 மில்லிகிராம் வரை காரத்தன்மை இருந்தால் தொட்டி நிம்மதியாக இருக்கும் என்று அமெரிக்கப் பேராசிரியர் பெரி மக்கார்ட்டி 1964இல் எழுதிய கட்டுரைத் தொடரில் சொன்னார். இத்துறையில் இன்றும் எடுத்துப் பார்க்கப்படும் தொடர் அது.

இந்தக் கையிருப்பு எங்கிருந்து வருகிறது? நகரத்துக் கழிவில் புரதம் அதிகம். புரதம் செரிக்கும்போது அமோனியா வரும். அமோனியாவும் காபனீரொட்சைட்டும் சேர்ந்து நீரிலேயே இருகாபனேற்று உண்டாகும். அதாவது அங்கே சேமிப்பு தானாகவே வளருகிறது. மரவள்ளியோ மாப்பொருள். அதில் புரதம் மிகச் சொற்பம். எனவே சவ்வரிசி ஆலையின் நீர் கடனை நிறையக் கொண்டுவருகிறது, சேமிப்பைக் கொண்டுவருவதில்லை. அந்தத் தம்பியின் தொட்டி மற்றவர்களின் தொட்டியைவிட எளிதாகப் புளிப்பதற்கு இதுவே மூலகாரணம்.

இதற்கு ஈடுசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாட்டுச் சாணக் கரைசலையோ சிறிதளவு யூரியாவையோ சேர்ப்பது. இதனால் நைதரசன் கிடைக்கும். சாணத்தோடு இரும்பு, கோபால்ற்று, நிக்கல் போன்ற நுண் உலோகங்களும் சேரும். மெதேன் கூட்டத்துக்கு இவை இல்லாமல் முடியாது. மற்றையது, செரித்து வெளிவரும் நீரில் ஒரு பகுதியைத் திருப்பி, உள்ளே போகும் புளித்த நீரோடு கலந்து விடுவது. வெளிவரும் நீரில் காரத்தன்மை மிஞ்சியிருக்கும். அதை வீணாக்காமல் மறுபடி முதலீடு செய்வது போன்றது இது. சுண்ணாம்புச் செலவு கணிசமாகக் குறையும்.

பி.எச். பிந்தித்தான் சொல்லும்

பல ஆலைகளில் ஒரேயொரு அளவுதான் பார்ப்பார்கள். பி.எச். தாளை நனைத்து நிறம் பார்ப்பது. 7 என்று காட்டினால் நிம்மதி. சிக்கல் அங்கேதான்.

வங்கியில் சேமிப்பு இருக்கும்வரை நட்டத்தில் ஓடும் கடையின் காசோலைகளும் மாறும். வாடகை போகும், சம்பளம் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. சேமிப்பு தீர்ந்த நாளில் காசோலை திரும்பும். அன்றுதான் கடை நொடிந்தது என்று எந்தக் கணக்காளரும் சொல்லமாட்டார். அது மாதக்கணக்காக நொடிந்துகொண்டிருந்தது. பி.எச். என்பது அந்தத் திரும்பிய காசோலை. கையிருப்பு ஏறக்குறையத் தீரும்வரை அது அசையாது. அசையும்போது சறுக்கி விழும்.

ஆகவே பார்க்கவேண்டியது கடனுக்கும் கையிருப்புக்கும் உள்ள விகிதம். அமிலத்தைக் காரத்தன்மையால் வகுப்பது. 0.3க்கு உள்ளே இருந்தால் நலம். 0.4ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 0.8ஐ எட்டினால் பி.எச். விழும் நேரம் வந்துவிட்டது. ஒவ்வொரு தொட்டிக்கும் தனக்கென்று ஒரு வழமை உண்டு. ஆகவே ஒருநாள் எண்ணைவிட, அது வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்பது முக்கியம். இரண்டாவதாகத் தெரியும் அறிகுறி எரிவாயுவில். அதில் காபனீரொட்சைட்டின் பங்கு கூடும், மெதேன் குறையும், சுடர் சோம்பும். பி.எச். மூன்றாவதாகத்தான் வரும்.

இதை அளக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஜெர்மனியில் நோர்ட்மன் என்பவர் 1977இல் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. வடித்தெடுத்த தொட்டி நீர் 20 மில்லிலீற்றர் எடுக்கவேண்டும். 0.1 நோர்மல் சல்பூரிக்கமிலத்தைத் துளித்துளியாக விட்டு, பி.எச். 5.0க்கு வர எத்தனை மில்லிலீற்றர் பிடித்தது என்று குறிக்கவேண்டும். பிறகு 5.0இலிருந்து 4.4க்கு வர மேலும் எவ்வளவு பிடித்தது என்று குறிக்கவேண்டும். முதல் எண்ணை 250ஆல் பெருக்கினால் காரத்தன்மை. இரண்டாவது எண்ணை 1.66ஆல் பெருக்கி, 0.15ஐக் கழித்து, 500ஆல் பெருக்கினால் அமிலம். ஒரு பி.எச். மானி, ஓர் அளவி, ஒரு கொப்பி, கால் மணி நேரம் போதும்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். விளக்கத்துக்காக நானே எடுத்த எண்கள் இவை. முதல் வாரம் 12 மில்லிலீற்றரும் 1 மில்லிலீற்றரும் பிடித்தன. காரத்தன்மை 3,000. அமிலம் 755. விகிதம் 0.25. அடுத்த வாரம் 10 மில்லிலீற்றரும் 1.5 மில்லிலீற்றரும் பிடித்தன. காரத்தன்மை 2,500. அமிலம் 1,170. விகிதம் 0.47. இந்த இரண்டு வாரமும் பி.எச். தாளின் நிறத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் கொப்பியைப் பார்ப்பவருக்கு விகிதம் இரட்டிப்பை நெருங்கிவிட்டது என்று தெரியும். இந்த இடத்தில் தீனியைக் குறைத்தால் சில நாட்களில் தொட்டி திரும்பிவிடும். இதே நிலைமை பி.எச். விழுந்தபின் தெரியவந்தால் சில வாரங்கள், சிலவேளை மாதங்கள்கூட ஆகலாம்.

சுண்ணாம்பு செய்வதும் செய்யாததும்

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். சுண்ணாம்பு அமிலத்தைச் சமன் செய்யும், ஆனால் அதைத் தின்னாது. சமன் செய்யப்பட்ட அமிலம் உப்பாக நீரிலேயே இருக்கும். அதைத் தின்று காஸ் ஆக்கவேண்டியது மெதேன் கூட்டம். அந்தக் கூட்டம் ஏற்கனவே மெலிந்துவிட்டது. மீண்டும் பெருக நாள் வேண்டும். அதற்கிடையில் வழமையான தீனி உள்ளே போய்க்கொண்டே இருந்தால் முரட்டுக் கூட்டம் புதிய அமிலத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும். இன்று போட்ட மூட்டையை நாளைய அமிலம் விழுங்கிவிடும். கடன் வாங்குவதை நிறுத்தாமல் வட்டி மட்டும் கட்டுவது போன்றது இது. மூட்டை மூட்டையாகப் போட்டும் காஸ் வராததன் காரணம் இதுவே.

அளவுக்கு மிஞ்சிய சுண்ணாம்பு தீங்கும் செய்யும். பி.எச். 6.7 அல்லது 6.8 வரை அது நல்ல இருகாபனேற்றாக மாறும். அதற்கு மேலே போடுவது காபனீரொட்சைட்டோடு சேர்ந்து சுண்ணக்கல்லாக அடியில் படியும். குழாயை அடைக்கும், தொட்டியின் கொள்ளளவைக் குறைக்கும், பி.எச். ஏறவும் மாட்டாது. மூடிய தொட்டிக்குள் திடீரென்று காபனீரொட்சைட்டை உறிஞ்சினால் உள்ளே அமுக்கம் குறைந்து கூரையையும் உள்ளிழுக்கலாம். ஆகையால் சுண்ணாம்பு என்றால் 6.7 வரை, கரைத்து, சிறிது சிறிதாக. அதற்கு மேல் வேண்டுமானால் சோடியம் இருகாபனேற்று, அதாவது அப்பச்சோடா. விலை கூடத்தான். ஆனால் கையிருப்பை நேரடியாகக் கூட்டும், கல்லாகப் படியாது. அதிலும் எல்லை உண்டு. சோடியம் லீற்றருக்கு 3,500 மில்லிகிராமைத் தாண்டினால் அதுவே மெதேன் கூட்டத்தை வருத்தத் தொடங்கும்.

புளித்த தொட்டியை மீட்கும் ஒழுங்கு

1. முதலில் தீனியை நிறுத்தவும், அல்லது வெகுவாகக் குறைக்கவும். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

2. காரணத்தைத் தேடவும். கிழங்கு வரத்து கூடியதா? மாவு அதிகமாக நீரோடு போகிறதா? வெளிற்றும் இரசாயனம் ஏதும் தொட்டிக்குள் போனதா? குளிர் நாட்களா? இந்த நுண்ணுயிர்களுக்கு 35 பாகை செல்சியசு அளவு வெப்பம்தான் பிடிக்கும்.

3. பி.எச். 6.7 அல்லது 6.8க்கு வரும்வரை சுண்ணாம்புப் பாலை மெதுவாகச் சேர்க்கவும். பிறகு தேவையானால் இருகாபனேற்று.

4. நன்றாக ஓடும் வேறொரு தொட்டியின் சேறு கிடைத்தால் கொண்டுவந்து விடவும். கிடைக்காவிட்டால் புதுச் சாணக் கரைசல். ஆமைக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை இது.

5. விகிதத்தை நாள்தோறும் எழுதவும். அது இறங்கி 0.3 பக்கம் நிலைத்தபின், வழமைத் தீனியின் பத்தில் ஒரு பங்கோடு தொடங்கவும். விகிதம் அசையாவிட்டால் மட்டும் அடுத்த படி ஏறவும்.

ஐந்தாவதை எல்லோரும் அவசரத்தில் மீறுவார்கள். சவ்வரிசி ஆலைகள் கிழங்கு வரும் மாதங்களில்தான் முழுமூச்சாக ஓடும். ஓய்வு மாதங்களில் தொட்டிச் சேறு பட்டினியோடு உறங்கிக் கிடக்கும், சாவதில்லை. ஆனால் பருவம் தொடங்கிய முதல் வாரமே முழு நீரையும் உள்ளே விட்டால், அரைத் தூக்கத்தில் உள்ளவனிடம் முழுநாள் வேலை கேட்பது போலாகும். பருவத்தின் முதல் சில வாரங்களில் தீனியைப் படிப்படியாக ஏற்றுவதே மலிவான காப்புறுதி.

தீனியைக் குறைத்தால் மீதி நீரை எங்கே வைப்பது என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்வி. பதில் ஆறு அல்ல. சில நாள் நீரைத் தாங்கும் ஒரு சமன்படுத்தும் தொட்டி முன்னாலே இருக்கவேண்டும். அல்லது சில நாள் அரைவையைக் குறைக்கவேண்டும். பல தொழிற்சாலைகள் அமிலம் உண்டாகும் தொட்டியையும் மெதேன் தொட்டியையும் வேறாகவே கட்டுகின்றன. போலன்ட், கோஷ் என்ற இருவர் 1971இல் முன்வைத்த யோசனை அது. முயலை ஒரு பட்டியிலும் ஆமையை ஒரு பட்டியிலும் விடுவது. முன்தொட்டி ஒன்று இருந்தாலே அந்தப் பயனில் ஒரு பகுதி கிடைத்துவிடும்.

உயிரோடு விளையாடக்கூடாது

இதைத் தம்பிமாருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். காஸ் நின்றுவிட்டது என்று தொட்டியைத் திறந்து உள்ளே இறங்கக்கூடாது. உள்ளே ஒட்சிசன் இல்லை. அழுகிய முட்டை மணக்கும் ஐதரசன் சல்பைட்டு இருக்கும். அது மிகும்போது மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்க, இருவரும் போன சம்பவங்கள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. காற்றோட்டமும், வாயு அளவியும், சுவாசக் கருவியும், மேலே கயிற்றோடு ஆளும் இல்லாமல் எந்த முதலாளி சொன்னாலும் இறங்கவேண்டாம். பக்கத்தில் பீடி, நெருப்புப் பெட்டியும் வேண்டாம்.

இங்கே எங்கள் குசினியில்

இது சேலத்து விடயம் மட்டும் அல்ல. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் கழிவுநீர் நிலையங்களில் இதே முறையில் கிடைத்த வாயுவிலிருந்து 2000களின் நடுப்பகுதி தொட்டு மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். இங்கே ரெக்சாஸில், எங்களுக்கு மேற்கே போர்ட் வேர்த் நகரின் வில்லேஜ் கிறீக் நிலையமும் காற்றில்லாத் தொட்டிகளின் வாயுவை மின்னாக்கி வந்திருக்கிறது. அங்கேயும் பணியாளர்கள் பார்ப்பது இதே அமில, காரக் கணக்குத்தான்.

எங்கள் குசினிக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. எண்ணெயும் கொழுப்பும் தொட்டிக்குள் உடையும்போது நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் வரும். அளவோடு வந்தால் நல்ல தீனி. திடீரென்று குவிந்தால் மெதேன் கூட்டத்தின் மேல் படிந்து மூச்சடைக்கும். நெதர்லாந்தில் 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சோதித்த கொழுப்பமிலங்களுள் மிகக் கூடிய பாதிப்பைத் தந்தது லோரிக்கமிலம். எமது தேங்காயெண்ணெயில் பாதிக்குக் கிட்ட அதுதான். ஒரு வீட்டுத் தாச்சி எண்ணெயால் நகரத்துத் தொட்டி கவிழ்ந்துவிடாது. அதற்கு முன் எங்கள் குழாயும் வீதிக் குழாயும்தான் அடைபடும். வடை சுட்ட எண்ணெயை ஆறவிட்டு, மூடியுள்ள போத்தலில் ஊற்றி, எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் கொடுப்பது நல்லது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

தம்பியிடம் கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

கேள்வி கேட்ட சகோதரிக்கும், ஊரில் இப்படி உறவுகள் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அழைப்பெடுக்கும்போது இந்த நான்கையும் கேளுங்கள். புளித்த நாளிலிருந்து தீனியைக் குறைத்தார்களா, அல்லது சுண்ணாம்பு மட்டும் போடுகிறார்களா? பி.எச். தவிர, அமிலமும் காரத்தன்மையும் யாராவது அளந்து எழுதுகிறார்களா? வெளிவரும் நீரில் கொஞ்சத்தைத் திருப்பி விடக் குழாய் இருக்கிறதா? சாணமோ வேறு நல்ல தொட்டியின் சேறோ சேர்த்தார்களா?

நான்குக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் மனம் தளரவேண்டாம். செய்யக்கூடியது இன்னும் நிறைய இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். இந்தப் பக்கத்தை ஒரு படம் பிடித்து அனுப்பிவிடுங்கள். தினமும் எழுதும் ஒரு கொப்பியை அந்தத் தம்பியே தொடங்கலாம். தொட்டியின் கணக்கைச் சொல்லத் தெரிந்த ஆளை எந்த முதலாளியும் எளிதில் வேலையை விட்டு நிறுத்தமாட்டார்.

தம்பியின் தொட்டி எப்படி இருக்கிறது என்பதை எமக்கும் அறியத் தாருங்கள். அடுத்த நிகழ்ச்சியில் மற்ற நேயர்களோடு பகிர்ந்துகொள்வோம்.